சிக் லைன்

எதிர் வீட்டுப் பையன் இன்று காலை ஆபீசுக்குப் போன் பண்ணினான். "சார், ஐ யாம் சிக்" என்று முனகினான். வாயில் பாதி தோசை. போனை வைத்ததும் மீதிப் பாதிக்குச் சட்னி கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. இந்த வயதில் சிரிப்பு வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு என்பாள் என் மனைவி. இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் அதற்கு 'நோயுற்ற' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எழுதிப் போட்ட வாத்தியாரே, நாங்கள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால், "ஐ யாம் சிக் ஆஃப் யூ" என்று பிரம்பைத் தேடுவார். இவருக்கு உடம்புக்கு என்ன, அதற்கு நாம் எப்படிக் காரணம் என்று எங்களுக்குள் பெரிய விசாரணையே நடந்தது. ரங்கூன் கப்பலில் வந்திறங்கிய என் சித்தப்பாவோ, வழியெல்லாம் வாந்தியெடுத்த கதையை 'ஸீ சிக்' என்று பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆக, பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனபோது இந்தச் சொல் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன். மண்ணாங்கட்டி!

முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்துக்கு வடக்கே ஒரு சரக்கு யார்டு. வேகன் வேகனாக நடந்து நம்பரைப் புத்தகத்தில் குறிப்பது என் வேலை. கரித்தூள், கருவாடு, மழையில் ஊறிய கோணி எல்லாம் கலந்த வாடை. வேகனுக்கும் சிக் வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வேகன் பரிசோதிக்கிற ஆங்கிலோ இந்தியர் ஒருவர், சட்டைக்காரத் துரை என்போம், சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் கொஞ்சம் பிசகினால் போதும், சாக்பீஸால் பெரிதாக 'சிக்' என்று எழுதிவிடுவார். அப்புறம் கவர்னரே வந்து கேட்டாலும் அந்த வேகன் ரயிலில் போகாது. அதைக் கழற்றி, கோடியில் புல் மண்டிய தண்டவாளத்தில் நிறுத்துவார்கள். அதற்குப் பெயர் சிக் லைன். பழுது பார்த்து 'ஃபிட்' என்று எழுதினால்தான் வெளியே வரும்.

ஆட்களுக்கும் அதே இரண்டு சொல்தான். எழுதுகிறவர் மட்டும் வேறு: கம்பெனி டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பார்ப்பார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, நூறுக்கு மேல் ஏறினால் சிக் சீட்டு. சீட்டு இல்லாமல் மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அந்த வேலைக்காக, கேட்டுக்கு வெளியே இருபது பேர் குந்திக்கொண்டிருப்பார்கள்.

ஏகாம்பரம் கப்ளிங் போடுகிறவன். எஞ்சின் தள்ளிவரும் வேகன் நிற்கிற வேகனோடு சேரும்போது நடுவில் நுழைந்து சங்கிலியைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மூலக்கொத்தளத்திலிருந்து நடந்தே வருவான். "ரைட்டரே, ரைட்டரே" என்று கூப்பிட்டே எனக்குத் தோஸ்து ஆகிவிட்டவன்.

அந்த ஐப்பசியில் அவனுக்கு முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லிவைத்த மாதிரி பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர் தூக்கிப் போடும். காலையில் உடம்பு பச்சைத் தண்ணீராக இருக்கும். இரண்டு முறை டிஸ்பென்சரிக்குப் போய் இரண்டு முறையும் 'ஃபிட்' வாங்கிக்கொண்டு வந்தான்.

"மத்தியானமா பாருங்க சாருன்னு கெஞ்சிகினு நின்னேன் ரைட்டரே. மூடிடுவோம்ன்றாரு. இன்னா பண்றது? வேகனுக்கு நடுவுல பூந்தா காலு நிக்க மாட்டேங்குது."

நான் மேதாவி அல்லவா, யோசனை சொன்னேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்கள் செய்கிற வித்தைதான். வெங்காயத்தை நறுக்கி அக்குளில் வைத்துக்கொண்டால் உடம்பு சுடும் என்பார்கள்.

"எனக்குத்தான் நெசமாவே கீதே, பொய் எதுக்கு?" என்றான்.

"நெசத்தை நம்ப வைக்கத்தான்" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை சட்டையைத் தூக்கியதுமே வாடை வீசிவிட்டது. "வெங்காய யாபாரம் எப்போலேர்ந்து?" என்றாராம் கம்பவுண்டர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். தெர்மாமீட்டரை எடுக்கவேயில்லை. 'ஃபிட்' என்று எழுதியதோடு, இவன் இனி வந்தால் பார்க்க வேண்டாம் என்று பதிவேட்டிலும் குறித்துவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை.

"தோஸ்தக் காட்டிக் குடுப்பனா?" என்று என்னிடம் சிரித்தான்.

அன்று காய்ச்சல் வருகிற நாள். அவனை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று கிளம்பினேன். பேச்சுக்குப் பேச்சு வெங்காயக் கதை வெளியே வந்தால் என் பேரும் சேர்ந்து வருமே என்று நின்றுவிட்டேன். பாவி நான்.

மூன்று மணிக்குக் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஏகாம்பரம் நடுவில் நுழைந்தான். அவன் கையில் சங்கிலி கடகடவென்று ஆடுவது எனக்குத் தெரிந்தது. குளிர் வந்துவிட்டது. "டேய், வெளிய வந்துடுடா!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேகன்கள் இடித்துக்கொண்டன.

வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. துரை ஓடி வந்தார். ரத்தம் பட்ட வேகனில் சாக்பீஸால் 'சிக்' என்று எழுதினார். சுத்தியலை எடுக்கவில்லை, ஒன்றையும் தட்டிப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் அதைச் சிக் லைனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் நம்பரை நான்தான் குறித்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவன் மனைவி கன்னியம்மா யார்டு கேட்டுக்கு வந்தாள்.

"எங்கூட்டுக்காரரு பொய் சொல்ற ஆளு இல்ல ரைட்டரே. வெங்காயம் வெச்சிக்கச் சொன்ன பேமானி எவன்னு உனக்குத் தெரியுமா? தோஸ்தாச்சே, உன்கிட்ட சொல்லியிருப்பாரே."

"தெரியாதும்மா" என்றேன். நம்பிவிட்டாள்.

இப்போது அந்த யார்டு இல்லை. டிஸ்பென்சரி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கப்ளிங் தானே பூட்டிக்கொள்கிறதாம், நடுவில் ஆள் நுழைய வேண்டியதில்லை. கன்னியம்மா அப்போதே எர்ணாவூருக்கு, அக்கா வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நாற்பது வருஷம் கழித்து எனக்குத் தைரியம் வந்து தேடிப் போனேன். குடிசைகள் இருந்த இடம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் மதில். வாட்ச்மேனிடம் அவள் பேரைச் சொன்னேன்.

"அப்புடி யாரும் இல்லியே பெரியவரே. இன்னா விசயம், சொல்லு, யாருனா வந்தா சொல்றேன்" என்றான்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.