மஞ்சள் நூல் கட்டிய தவளைகள்

எங்கள் ஊரிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர் சந்தனராஜ் அண்ணன். ஆவூர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய் விலங்கியல் படித்தார். அவரைப் பற்றி ஆலங்குடி வரைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் பாதி பொய். நடந்ததை நடந்தபடி யாராவது எழுத வேண்டும்.

அவரைப் படிக்க வைத்தவர் தாய்மாமா மரிய அந்தோணி. ஆலங்குடியில் முந்திரிக்கொட்டை வியாபாரம். மருமகன் பி.காம். படித்துவிட்டுத் தன் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணனோ அவரைக் கேட்காமலே பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்துவிட்டார்.

"தவளையை அறுத்துப் பாக்குறதுக்கா மாப்ள நான் பீஸ் கட்டுறேன்?"

"ஆராய்ச்சி மாமா."

"சரி, அதை யாரு வாங்குவா?"

கடைசியில் இருவருக்கும் ஓர் ஏற்பாடு ஆனது. அறுபத்திரண்டில், அண்ணனின் கடைசி வருஷத்தில், கல்லூரி மாணவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கும் கூட்டம் ஒன்று திருச்சியில் நடக்க இருந்தது. அதற்கு அவர் கட்டுரை தேர்வானால் மாமா செலவில் மேலே எம்.எஸ்ஸி. படிக்கலாம். தேர்வாகாவிட்டால் முந்திரிக் கடைதான். மாமா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இதைச் சொன்னார். அதனால் இனி மாற்றமில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

விரிவுரையாளர் வீரய்யா கொடுத்த கேள்வி இதுதான்: தன் குளத்தை விட்டு வெளியே போன தவளை தானாகத் திரும்பி வருமா? இதற்குத் தவளைகளுக்கு ஏதாவது அடையாளம் வைக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் கண்மாய் வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. ஊர்த் தவளைகள் எல்லாம் அதில்தான் கிடந்தன. அண்ணன் முதலில் வெள்ளை நூல் கட்டிப் பார்த்தார். சேற்றில் அது தெரியவில்லை. பளிச்சென்று தெரிகிற மாதிரி மஞ்சள் நூல் வாங்கி, ஒன்று விடாமல் எல்லாத் தவளைகளுக்கும் இடுப்பில் கட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. விலங்கியல் புத்தகத்தில் நூலின் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

ஆவணி பிறந்தும் மழை இல்லை. ஊர் கூடித் தவளைக் கல்யாணம் நடத்துவதென்று முடிவானது. ஓர் ஆண் தவளையையும் ஒரு பெண் தவளையையும் பிடித்து, மஞ்சள் பூசி, தாலி கட்டி, கொட்டுமேளத்தோடு தண்ணீரில் விட்டால் மழை வரும் என்பது வழக்கம். முன்னின்று நடத்துபவர் ஆண்டிச்சாமி. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கி ஒன்றைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கீழே போட்டார்.

"ஏய், இது கல்யாணமான பொண்ணுடா!"

"இங்கிட்டுப் பாருங்க, இதுவும் ஆனதுதான்."

"எல்லாத்துக்கும் ஆயிருச்சுங்க!"

மேளம் நின்றுவிட்டது. குலவை போடக் கரையில் நின்ற மூக்காயிதான் முதலில் பேசினாள். "இப்பத்தானே தெரியுது, ஏன் மழை வரலைன்னு! எவனோ ஊருக்குச் சொல்லாம முகூர்த்தத்தை முடிச்சுப்புட்டான். கொட்டு இல்ல, வெத்தலை பாக்கு இல்ல. மழைக்கு எப்படித் தெரியும்?"

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஓடி வந்தார்.

"அது நூலுதாங்க. ஒரு அடையாளத்துக்குக் கட்டினேன்."

"தாலி மட்டும் வேற எதுக்குத் தம்பி கட்டுறாக? அதுவும் அடையாளத்துக்குத்தானே?" என்றார் ஆண்டிச்சாமி. "மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளையெல்லாம் இல்லைங்க. நான்தான் கட்டினேன்."

கூட்டம் குட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப அம்புட்டுக்கும் நீதானப்பா புருசன்" என்றாள் மூக்காயி. "ஏம்ப்பா, ஒங்க வேதத்துல ஒண்ணுக்கு மேல ஒத்துக்குவாகளா?"

நூலை அறுத்துவிட்டு மறுபடி கல்யாணம் பண்ணலாம் என்று ஒருவர் கத்தியை எடுத்தார். அண்ணன் குறுக்கே போய் நின்றார். "அறுத்துறாதீங்க, என் படிப்பே போயிரும்" என்று கெஞ்சினார். அவரைக் காப்பாற்றியது மூக்காயிதான். "கத்தியை உள்ள வைய்யி! மழைக்குக் கூடியிருக்கமா, இல்ல தாலியறுத்து ஒப்பாரி வைக்கக் கூடியிருக்கமா?"

அதற்குப் பிறகு யாரும் கத்தியைத் தொடவில்லை. கல்யாணமாகாத ஜோடி ஒன்றை அண்ணனே கொண்டுவர வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அவர் கல்லூரிக்குப் போய் வீரய்யாவிடம் கேட்டார். மறுநாள் வகுப்பில் அறுப்பதற்காகத் தொட்டியில் வைத்திருந்தவற்றில் இரண்டை வீரய்யா கொடுத்தார். சாக வேண்டிய இரண்டும் மணமக்களாகி, மேளத்தோடு எங்கள் கண்மாய்க்கு வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. அதற்குக் கல்யாணம் காரணமா, காற்று காரணமா என்று எனக்குத் தெரியாது. கண்மாய் நிறைந்தது. நூல் கட்டிய தவளைகள் நாலாபக்கமும் போய்விட்டன. ஆராய்ச்சி இனிமேல்தான் தொடங்க வேண்டும். அண்ணன் காலையில் எழுந்ததும் கரையில் போய் நிற்பார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு நாள் பக்கத்து ஊர் அம்மாள் ஒருத்தி, இலையால் மூடிய செம்போடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க அடுப்படிக்கு வந்திருச்சுங்க. கோவிச்சுக்கிட்டு வந்திருக்கும் போல. புருசன் வீடு இதுன்னு சொன்னாக. வச்சு நல்லபடியாப் பாத்துக்கங்க."

செம்புக்குள் தவளை. அதன் தலையில் குங்குமம் வைத்திருந்தாள். அண்ணனின் அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் இன்னொரு ஊரிலிருந்து ஒன்று வந்தது. வைக்கோல் வண்டியில் ஏறிக் குடுமியான்மலைக்கே போய்விட்ட ஒன்றைப் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு டிக்கெட் போடவில்லை. கல்யாணமான பெண்ணை வீட்டில் தங்க வைத்துக்கொள்ள எந்த ஊருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் எல்லாமே திரும்பிவிட்டன.

வீரய்யாவுக்கு நம்ப முடியவில்லை. "அத்தனையுமா? தானா வந்துச்சா?"

"இல்ல சார். கொண்டுவந்து விட்டாங்க."

"அதை எழுதினா கட்டுரையை எடுக்க மாட்டாங்கப்பா."

செம்பையும் குங்குமத்தையும் விட்டுவிட்டு, எல்லாம் திரும்பின என்று மட்டும் எழுதியிருந்தால் அண்ணன் திருச்சிக்குப் போயிருப்பார். அவர் எழுதிய கடைசி வரி இது: "எல்லாத் தவளைகளும் திரும்பின, எதுவும் தானாகத் திரும்பவில்லை." கட்டுரை தேர்வாகவில்லை.

சொன்னபடி மாமா அவரை அழைத்துப்போக வந்தார். நடந்ததை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. நெடுநேரம் யோசித்தார்.

"ஊரு ஊராச் செதறின சரக்கு ஒண்ணுகூடத் தொலையாமத் திரும்பி வந்திருக்கு. நான் அனுப்புற மூட்டை கீரமங்கலம் போறதுக்குள்ள பாதி கரைஞ்சு போகுது. அது என்ன நூலு மாப்ள?"

இப்போது அந்தக் கடையில் முந்திரி மூட்டைகளின் வாயை மஞ்சள் நூலால்தான் கட்டுகிறார்கள். கட்டுவது அண்ணன். வழியில் ஒரு வண்டிக்காரரும் மூட்டையில் கை வைப்பதில்லை. ஆனால் வாங்குகிற வியாபாரிகளும் அதை அறுக்கப் பயப்படுகிறார்கள். "கட்டினவரே வந்து அவுக்கட்டும்" என்கிறார்கள். அதனால் ஒவ்வொரு லோடுக்கும் பின்னால் அண்ணன் பஸ்ஸில் போய், மூட்டைகளை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார்.

போன வாரம் அவரைக் கீரமங்கலத்தில் பார்த்தேன். வேலையை முடித்துவிட்டு, தென்னந்தோப்பு வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தவளை. அதன் இடுப்பில் அவர் கட்டிக்கொண்டிருந்த நூல் இந்த முறை பச்சை. பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.