மிளகாய்ப் புகை

வெளிநாடு வந்து நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ற்றில் பக்கத்து வீட்டார் செத்தல் மிளகாய் வறுக்கிறார்கள். அம்மா ஈரத் துவாயால் கதவடியை அடைக்கிறா.

அப்போது ஊரில், ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த காலம். இளம் பெடியங்களைத் தேடி ஆமி ஒழுங்கைக்குள் வந்தால் எல்லா வீட்டிலும் மிளகாய் வறுக்க வேண்டும். மாதர் சங்கத் தலைவி ராணி அன்ரியின் யோசனை அது. தும்மலும் இருமலும் தாங்காமல் ஆமி வாசலோடு திரும்பிவிடும். பலமுறை பலித்தது.

ஒருநாள் அண்ணை பரணில் ஒளித்திருந்தார். கீழே அம்மா வறுத்தா. புகை மேலேதான் போகும் என்று சங்கத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஆமி திரும்பி வாசல் படலையைத் தாண்டும் நேரம் அண்ணை இருமினார். கொண்டுபோனவர்கள் திருப்பி விடவில்லை.

ராணி அன்ரியும் இப்போது இங்கேதான், யூனியன்வில்லில் இருக்கிறா. போன மாதம் மகளிர் விழா மேடையில், “எங்கட மிளகாய்ப் புகைக்கு ஆமியே ஓடினது” என்றா. சபை சிரித்துக் கைதட்டியது. அண்ணையைப் பற்றி அவ சொல்லவில்லை. அம்மாவும் தட்டினா.

“நீங்கள் ஏனம்மா அண்டைக்குக் கைதட்டினனீங்கள்?” என்று இப்போதுதான் கேட்கிறேன்.

அம்மா துவாயைக் காலால் இன்னும் இறுக்குகிறா.

“அந்தப் புகையால அவவின்ர மகன் தப்பினவன்தானே.”