தவளைத் தொப்பியும் கன்னிச்சாமியும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அதிலும் எழுதப்போவது ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் என் மகனுடைய போனில் ஒன்றைப் பார்த்தேன். அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்கும் தெருவில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்குப் பீன்யாவில் லேத் வேலை. அம்மா சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போவாள். அண்ணன் பி.யு.சி. முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தான். அத்தை மகன் ஆடி அலுத்துக் கொடுத்த விளையாட்டுப் பெட்டி ஒன்று எங்கள் டிவியோடு இணைந்திருந்தது. அதற்கு ஒரே ஒரு சிடி. வாள் ஏந்திய ஒரு பையன் ஊர் ஊராகப் போய்ப் பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் கறுப்புக் கோட்டை அரக்கனைக் கொல்ல வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அண்ணன் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நோட்டில் வரைந்து, குடை, ஏணி, மீன்முள் என்று பெயர் வைத்து, எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்று குறித்து வைத்திருந்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை.

கோடை விடுமுறை முழுக்க ஆடி அதில் ஒரு நீல வாளைச் சம்பாதித்திருந்தான். அது இல்லாமல் அரக்கனிடம் போனால் ஒரே அடியில் காலி என்பான். அவன் பேசுவதைக் கேட்டால் அந்த வாள் எங்கள் பீரோவுக்குள் இருப்பது போலத் தோன்றும். ஆடும்போது மட்டும் நான் அறைக்குள் வரக்கூடாது. வந்தால் ராசி கெட்டுவிடுமாம். எனக்குக் கிடைத்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லும் கதைதான்.

கார்த்திகை பிறந்ததும் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். முதல் வருடம் என்பதால் கன்னிச்சாமி. கறுப்பு வேட்டி, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத கால். பொய் கூடாது, கோபம் கூடாது. மாலை போட்ட அன்றே விளையாட்டுப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

"மலைக்குப் போயிட்டு வந்துதான் இதைத் தொடுவேன் சாமி" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் எல்லாரும் அவனைச் சாமி என்றோம். அவனும் எல்லாரையும் சாமி என்றான். நேற்றுவரை என்னை "ஏய் பல்லி" என்று கூப்பிட்டவன், "பல்லிச்சாமி, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றான். ஒருமுறை நான் அவன் பேனாவை உடைத்தபோது, குட்டுவதற்கு ஓங்கிய கை பாதியில் நினைவு வந்து கும்பிடாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது பொற்காலம்.

அந்தத் தைரியத்தில்தான் நான் துண்டை விலக்கினேன். அம்மா மல்லேஸ்வரம் போனபின், அவன் பஜனைக்குப் போனபின், அரை மணி நேரம்.

பெட்டியைப் போட்டதும் அவன் கடைசியாக நிறுத்திய இடம் வந்தது. அது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வாசல். பூதம் எதுவும் இல்லை. எங்கே பார்த்தாலும் விளக்கு, பேண்டு வாத்தியம். உள்ளே நத்தைப் பந்தயம், வளையம் எறிவது, மேளம் அடிப்பது, பேய் வீடு, எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய ராட்டினம். முந்தைய வருடம் பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷே திருவிழாவில் ராட்டினம் ஏற ஆசைப்பட்டு, கூட்டத்தைப் பார்த்து அழுது திரும்பியவள் நான். இந்த ராட்டினத்தில் யாரும் இடிக்கவில்லை, யாரும் என் பெயர் என்ன என்று கேட்கவில்லை. பத்து முறை சுற்றினேன்.

அந்த வீரன் தலையில் ஒரு பச்சைத் தவளைத் தொப்பி இருந்தது. மேலே இரண்டு கண்கள் துருத்திக்கொண்டிருக்கும். அரக்கனைக் கொல்லப் போகிறவனுக்கு இது எதற்கு என்று தோன்றியது. ஜப்பான்காரர்களின் வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் டிவியின் தலையைத் தொட்டபோது சூடாக இருந்ததையும் அப்படித்தான் விட்டுவிட்டேன். அண்ணன் அந்த அறையில்தான் விடியற்காலைப் பூஜை செய்வான். கற்பூரச் சூடு என்று நினைத்தேன்.

மேளம் எனக்கு வரவே இல்லை. கை பின்தங்கும், திரையில் ஒரு குரங்கு சிரிக்கும். நத்தைப் பந்தயத்தில்தான், ஒரு வியாழக்கிழமை, என் நத்தை முதலில் வந்தது. ஒரு சீட்டு கிடைத்தது. பரிசுக் கடையில் சுருட்டை மீசைக்காரர் ஏதோ கேட்டார். நான் எழுத்தைப் பார்க்காமல் அமுக்கினேன். வீரன் கையில் ஒரு சிவப்பு பலூன் வந்து மிதந்தது. சந்தோஷத்தில், அண்ணன் நோட்டில் குறித்திருந்தபடி ஏணி எழுத்தை அமுக்கி ஆட்டத்தைப் பத்திரப்படுத்தினேன். பிறகு, அண்ணன் பெருமைப்பட்ட அந்த வாளையும் ஒருமுறை பார்க்கலாமே என்று வீரனின் மூட்டையைத் திறந்தேன்.

நீல வாள் இல்லை. ஒரு மரக்கட்டை இருந்தது.

இரண்டு மூன்று முறை மூடித் திறந்தேன். கட்டைதான். பலூனுக்கு வாளைக் கொடுத்துவிட்டேன் என்று புரிந்தது. துண்டைப் பழையபடி போட்டு மூடினேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அண்ணனும் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் முகம் சில நாட்களாகவே வாடியிருந்தது. அப்பாவோடு வேலை செய்யும் பெரியவர்தான் குருசாமி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் கன்னிச்சாமியைச் சீண்டினார்.

"விரதத்துல தப்பு கிப்பு பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடுங்க சாமி. பதினெட்டாம் படி காலைப் பிடிச்சு இழுக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் பாதி இட்லியோடு எழுந்துவிட்டான். "விரதம் புள்ளையை உருக்குது" என்றாள் அம்மா.

அவள் பாத்திரம் கழுவும்போது மெதுவாகக் கேட்டேன். "அம்மா, சாமிக்குக் கோபம் வருமா?"

"எந்தச் சாமிக்கு?"

"நம்ம வீட்டுச் சாமிக்கு."

"மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் வராது. கழட்டிட்டா உங்கண்ணன்தான், பாத்துக்கோ."

அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். மலையிலிருந்து வந்ததும் மாலையைக் கழற்றுவான், பெட்டியைத் திறப்பான், என்னைக் கொல்வான். சொல்வதானால் மாலை கழுத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஞாயிறு, இருமுடி கட்டு. அதை விட்டால் வேறு நேரம் இல்லை.

தெருமுனைப் பந்தலில் கூட்டம். கன்னிச்சாமி மண்டிபோட்டு இருமுடிப் பையின் வாயைப் பிடித்துக்கொள்ள, வீட்டார் ஒவ்வொருவரும் மூன்று பிடி அரிசி போட வேண்டும். என் முறை வந்தது. முதல் பிடியில் வாய் திறக்கவில்லை. இரண்டாவது பிடியில் பாதி அரிசி தரையில் சிந்தியது. மூன்றாவது பிடியைப் பைக்குள் போட்டபடி அவன் காதருகே குனிந்தேன்.

"சாமி, நீல வாளு போச்சு."

"என்னது?"

"நான்தான் ஆடினேன். பலூனுக்குக் கொடுத்துட்டேன்."

பையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "எப்போ?"

"வியாழக்கிழமை."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பந்தலில் இருந்த ஐயப்பன் படத்தைப் பார்த்தான். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஒரு வாரமாகக் காணாமல்போயிருந்த களை அவன் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"அடிப்பீங்களா சாமி?"

"சாமி அடிக்க மாட்டாரு."

"மாலை கழட்டினதுக்கு அப்புறம்?"

கழுத்து மாலையைத் தொட்டுக்கொண்டான். "அப்பவும் மாட்டேன். சத்தியமா."

சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் குருசாமி கன்னடம் கலந்து அதட்டினார். "ஏனு, சாமிங்களுக்குள்ள ரகசியம்? பேகா பேகா, வேன்காரன் கத்துறான்!"

"தங்கச்சிச்சாமி பிரார்த்தனை சொல்லுது" என்றான் அண்ணன், கண்ணை இமைக்காமல். என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டான். வேன் கிளம்பும்போது அவன் போட்ட சரணம்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. அன்னதானத்தில் நான் மூன்று முறை சாம்பார் வாங்கினேன்.

சத்தியத்தை அவன் காப்பாற்றினான். திரும்பி வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு டின் அரவணைப் பாயசத்தை முழுசாக என்னிடமே கொடுத்தான். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். இதெல்லாம் ஐயப்பன் அருள் என்று இருபத்தைந்து வருடம் நம்பியிருந்தேன்.

போன மாதம் என் மகன் போனில் யாரோ பழைய விளையாட்டுகளை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பூங்கா, அதே ராட்டினம். வீரன் தலை மட்டும் வெறுமையாக இருந்தது.

"இவன் தவளைத் தொப்பி எங்கடா?"

"அம்மா, உனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று வியந்துவிட்டுச் சொன்னான். "அது முதல்லயே இருக்காதும்மா. மேளம் அடிக்கிற கேம்ல முழு மார்க் எடுத்து, கையில இருக்கிற நல்ல வாளையும் கொடுத்தாதான் அந்தத் தொப்பி கிடைக்கும். ஒரு பிரயோஜனமும் இல்ல, சும்மா ஜோக்கு. பலூனா? அது நத்தை சீட்டுக்கே கிடைக்கும்."

நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். வாளைத் தொப்பிக்குக் கொடுத்தவன் அண்ணன்தான். சூடான டிவி, பாதி இட்லி, 'எப்போ' என்று அவன் கேட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பழி என் தலையில் விழுந்ததில் அவனுக்கு நிம்மதியா, தன்னைப் போல ஒளிந்து ஆடிய இன்னொரு ஆள் வீட்டிலேயே இருந்ததில் நிம்மதியா, தெரியவில்லை. அண்ணன் இப்போது ஒரு குருசாமி. கன்னிச்சாமிகளுக்கு விரத நியமம் சொல்கிறார். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்குக் கோபமும் இல்லை. குற்றம் செய்யவில்லை என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிவதும் ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

கையில் அரிசியோடு நடுங்கிய அந்தப் பெண்ணுக்கு, எதிரே பையைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நடுங்கிக்கொண்டிருந்தான் என்பது தெரியாது.

அன்று வேன் கிளம்பிப் போன மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து, பெட்டியின் மேல் கோணலாக இருந்த துண்டைச் சரியாக இழுத்துவிட்டு, வீட்டுப்பாடம் எழுதினேன்.