குச்சவெளி பஸ்ஸில் ஒரு கொலைகாரிக்காக அழுதேன்

பெண் கொலையாளிகளைப் பற்றிய ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரின் கடைசிப் பாகத்தை இன்று குச்சவெளி பஸ்ஸில் போனில் பார்த்து முடித்தேன். மகள் சொல்லித்தான் பார்க்கத் தொடங்கினேன். சண்டைகள் அற்புதம், நடுவில் கொஞ்சம் இழுவை.

கடைசியில் அந்தக் கொலைகாரிகளில் ஆகச் சின்னவள் செத்ததும், நாற்பத்தெட்டு வயது மனிதன் நான், போனை மடியில் கவிழ்த்துவிட்டு விம்மி அழுதேன்.

பக்கத்தில் இருந்த வயதான உம்மா கேட்டார்: “என்ன தம்பி, ஆரும் மவுத்தாப் போயிட்டாங்களா?”

“ஓம். ஒரு பிள்ளை.”

“எத்தின வயசு?”

“பதினாறு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ட மகளும் அந்த வயசிலதான் போனவ. அழுங்க தம்பி, அடக்காதீங்க.”

அது வெறும் படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்வரை அவர் என் கையை விடவுமில்லை.

தொடருக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி. எனக்கு எத்தனை என்று நீங்களே போடுங்கள்.