விழ வைத்தவள்

மகளின் தமிழ்க் கட்டுரை நோட்டில் இரண்டு இடங்களில் சிவப்பு மை இருந்தது. தலைப்பு, ‘என் அம்மாவின் வேலை’. ‘என் அம்மா விமானத்தை விழ வைத்தார்’ என்று அவள் எழுதியிருந்ததை ஆசிரியை அடித்துவிட்டு, ‘விழாமல் காத்தார்’ என்று மாற்றியிருந்தார். அதற்கு முந்தைய வரியில் ‘நாமே செய்த விமானம்’ என்பதன் கீழே கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. திருத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்விக்குறிதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

மகள் எழுதியதில் தப்பே இல்லை. சிங்கப்பூருக்கு வருமுன், இந்தியாவில், விமானப்படையில் புதிதாகச் சேருகிறவர்கள் ஓட்டிப் பழகுவதற்கான விமானத்தை உள்நாட்டிலேயே வடிவமைத்த குழுவில் நான் இருந்தேன். பழகுகிறவன் தப்புச் செய்வான். மூக்கை அளவுக்கு மீறித் தூக்குவான், வேகம் குறைந்துபோகும், விமானம் சுழன்றுகொண்டே விழும். விழுந்தால் மீண்டு வருமா என்று தெரியாமல் அதை யாரிடமும் கொடுக்க முடியாது. அதனால் நாங்களே விழ வைத்துப் பார்ப்போம். மேலே விமானி வேண்டுமென்றே சுழலவிடுவார். கீழே திரைக்கு முன்னால் உட்கார்ந்து நான் சுற்றுகளை எண்ணுவேன்.

ஆரம்பத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாலை மாற்றினோம், மறுபடியும் மாற்றினோம். வருஷங்கள் ஓடின. வெளியே எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். கடைசியில் ஒரு காலை, ஆறு சுற்றுச் சுழன்ற விமானம் விமானி சுழற்சிக்கு எதிராகத் திருப்பியவுடன் நிமிர்ந்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

இதை இங்கே யாரிடமும் சொல்வதில்லை. கணவரின் வேலைக்காக வந்த புதிதில், லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே ஒரு முறை சொன்னேன். அவருடைய நண்பர் ஒருவர், “அந்த பிளேனா? இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?” என்று கேட்க, மேசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் யார் கேட்டாலும், ‘முன்னாடி கம்ப்யூட்டர் வேலை’ என்று முடித்துக்கொள்வேன். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு மேலே போர் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு போகும்போது மகள் கேட்பாள். அவளுக்கு மட்டும் எல்லாம் சொல்லியிருந்தேன்.

அவள் பள்ளியில் ஒரு வழக்கம். திருத்திய வாக்கியத்தை மூன்று முறை எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அவள் எழுத மறுத்தாள்.

“எழுதிக் குடுத்துடுடி. மூணு தடவைதானே,” என்றேன்.

“நீங்க விழ வெச்சீங்களா இல்லையா?”

“வெச்சேன்.”

“அப்ப எதுக்கு கரெக்‌ஷன்? அதுல நீங்க சைன் பண்ணா பொய் லா.”

எனக்குச் சுரீரென்றது. வாழையிலைக்கு முன்னால் சிரித்தவள்தான் இப்போது கையெழுத்தும் போடப் பார்க்கிறாள் என்று தோன்றியது. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியை தன்மையானவர். “விழ வெச்சார்னா, படிக்கிறவங்க ஏதோ கெட்ட வேலைன்னு நினைப்பாங்கம்மா. அதான் மாத்தினேன்,” என்றார்.

“இந்தக் கேள்விக்குறி?”

கொஞ்சம் தயங்கினார். “இந்தியாவுல பிளேனெல்லாம் வெளிநாட்டுலதான் வாங்குறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

“வாங்கவும் செய்யறோம். இதை நாங்க செஞ்சோம். ஏன் அவ்வளவு நாளாச்சுன்னு கேளுங்க, சொல்றேன். எத்தனை தடவை தோத்தீங்கன்னு கேளுங்க, அதையும் சொல்றேன். செஞ்சீங்களான்னு மட்டும் கேக்காதீங்க, டீச்சர்.”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, அவருடைய சிவப்புப் பேனாவையே விமானமாகப் பிடித்து, சுழல வைத்து, விழ வைத்து, நிமிர்த்திக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். பேனாவைத் திரும்ப வாங்கி, கேள்விக்குறியை அடித்தார். அடித்த வரியின் மேல் மட்டும் அவர் கை நின்றது.

“எனக்குப் புரியுதும்மா. ஆனா பிஎஸ்எல்இ பரீட்சைப் பேப்பர் திருத்துறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இப்படி எழுதினா மார்க் போயிடும். இப்பவே பாதுகாப்பா எழுதப் பழகட்டுமே.”

ஒரு மார்க்குக்காகப் பிள்ளையை டியூஷன் டியூஷனாக இழுத்துக்கொண்டு அலைகிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. அவர் சொன்னது நியாயம் என்பதும் தெரியும். ஆனாலும் நோட்டை மூடினேன்.

“விழ வெச்சுப் பாக்காத எதையும் நாங்க பாதுகாப்புன்னு எழுதிக் குடுத்ததில்ல, டீச்சர்,” என்றேன். “மார்க் போனா போகட்டும்.”