கலீலுர் றஹ்மானின் கிறவல் பாதை

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரமும் வாப்பா கலீலுர் றஹ்மான் டிரக்டரை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். மகள் ரிப்கா மண்வெட்டியோடு பின்னால் நடந்தாள். இறக்கக்கண்டியில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் கடற்கரை மணல், சரளை போட்ட அந்தக் கிறவல் பாதையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக முந்நூற்றைம்பது மீற்றர். ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் முழங்கால் அளவு நிற்கும். சின்ன டிரக்டரின் பின்னால் பூட்டிய இரும்புத் தகடு மணலை வழித்துத் தள்ளும். தகடு எட்டாத மூலைகளையும் வீட்டு வாசல் படலையடிகளையும் ரிப்கா வெட்டி எறிவாள்.

கடைசி வீடு தம்பிராசாவுடையது. இரண்டு சிறுநீரகமும் பழுதான மனிதர். திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு அவருடைய படலைக்கு ஓட்டோ வர வேண்டும். எட்டரைக்கு அவர் திருகோணமலை ஆஸ்பத்திரியில், இரத்தம் சுத்திகரிக்கும் கட்டிலில் இருக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும். கலீலுர் றஹ்மான் மணல் தள்ளியது அந்த ஓட்டோவுக்காகத்தான். அவருடைய வீடு வீதியிலிருந்து மூன்றாவது. அவருக்கு அறுபது மீற்றர் போதும்.

இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஓய்வு பெற்றவுடன் ஜப்பானிலிருந்து வந்த பழைய டிரக்டர் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். உம்மா ஒரு கிழமை முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. ஏன் வாங்கினார் என்று அவரும் சொல்லவில்லை. காரணம் சொல்கிற பழக்கம் அவருக்கு எதிலும் இல்லை.

ரிப்காவின் வேலையோ காரணம் கேட்கிற வேலை. வீதி வேலைகளுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

“வாப்பா, தெற்கால வாய்க்கால் இரிக்கி. எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளினா மழைத் தண்ணி எங்க போற?”

“மழை வந்தா வெட்டி விடுவம்.”

“வடக்கால வெறுங்காணிதானே? அங்க தள்ளினா அந்த வேலையும் மிச்சம்.”

“நீ தண்ணிக்கு ரோட்டுப் போடுற ஆள். இது காத்து ரோட்டு. போய் மூலையை வெட்டு, மெசினுக்குப் பின்னால நிண்டு லெக்சர் அடிக்காத.”

வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று அழைக்கும் தம்பிராசா படலையில் சாய்ந்து நின்று சிரித்தார். “என்ன காக்கா, அரசாங்க உத்தியோகத்தரையே கூலிக்குப் பிடிச்சிட்டீங்களோ?”

“பிடிச்சது பிழையாப் போச்சு. வெட்டுறது கொஞ்சம், வாய் கூட.”

செவ்வாய்க்கிழமை மத்தியான லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போன வாப்பா குழாயடியில் சாய்ந்தார், பிறகு எழும்பவில்லை. அறுபத்தெட்டு வயது. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் எடுத்துக்கொண்டு ஆண்கள் பாதையால் நடந்தார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ரிப்கா படலையோடு நின்றாள். சந்தூக்கைப் பார்க்க ஏலாமல் கண் தரையைப் பார்த்தது. சுமந்தவர்களில் ஒருவருடைய காலும் மணலில் புதையவில்லை.

புதன்கிழமை காற்று மாறி மாறி அடித்தது. மத்தியானத்துக்குள் பாதை மணலில் மறைந்துவிட்டது. ரிப்கா டிரக்டர் சாவியை எடுத்தபோது வாப்பாவின் சகோதரி உம்மு குல்சும் மறித்தார்.

“மையித்துப் போய் ஒரு நாள் ஆகல்ல. பொம்பிளைப் புள்ள மெசின் ஓட்டப் போறதா? ஊர் என்ன கதைக்கும்?”

கணவன் இறந்தால் மனைவி வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், அறைக்குள் இருந்த உம்மாவின் குரல்தான் பதில் சொன்னது. “நாளைக்கு வியாழன் மதினி. ஓட்டட்டும்.”

மூன்று மணித்தியாலம் ஓட்டினாள். மழை இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. வாய்க்காலை அடைக்கக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடங்களில் ஒன்று. மணல் முழுவதையும் வடக்குப் பக்கம் தள்ளினாள். நூல் பிடித்ததுபோல் நீளத்துக்கு ஒரு வரம்பு வந்தது. தெற்கே வாய்க்கால் சுத்தமாகக் கிடந்தது. இரண்டு நாளில் முதன்முறையாக ஒரு வேலை சரியாக முடிந்த மாதிரி இருந்தது.

மழை வரவில்லை. காற்றுத்தான் வந்தது. வடக்கிலிருந்து வந்த காற்று அந்த வரம்பின் மேல் ஏறி, மறுபக்கம் விழுந்து, விழுந்த இடத்தில் கொண்டுவந்த மணலை எல்லாம் இறக்கியது. விழுந்த இடம் பாதை. வியாழன் காலை ஆறரைக்கு அவள் வந்து பார்த்தபோது நூறாவது மீற்றருக்கு அப்பால் பாதையே இல்லை. வாப்பா ஒருநாளும் வடக்கே தள்ளாததன் காரணம் அவள் முன்னால் இடுப்பளவு உயரத்தில் கிடந்தது.

ஏழு மணிக்கு வந்த ஓட்டோ புதைந்து நின்றது. டிரக்டரால் தள்ள இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். அவள் கடற்கரைக்கு ஓடினாள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர் வலையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஓட்டோவைப் பின்னால் தள்ளி எடுத்துவிட்டு, தம்பிராசாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி அதுவரைக்கும் தூக்கினார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர்களுடைய கால் கணுவுக்கு மேல் புதைந்தது.

“காக்காவை முந்தாநாள் தூக்கினவங்கள், இண்டைக்கு என்னைத் தூக்குறாங்கள்,” என்றார் தம்பிராசா. “எனக்குக் கதிரை தந்திருக்கிறாங்கள். அதுதான் வித்தியாசம்.”

ரிப்கா கதிரைக்குப் பக்கத்தில் நடந்தாள்.

“மாமா, நான்தான் வடக்கால தள்ளினனான்.”

“தெரியும் பிள்ளை. நேற்று யன்னலால பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

“வாப்பாவைப் பறிகுடுத்துட்டு வந்து எனக்காக மெசின் ஓட்டுற பிள்ளையிட்ட என்னண்டு சொல்றது, பிழை எண்டு?”

ஒன்பது மணி பத்துக்குத் தம்பிராசாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டதாக ஓட்டோக்காரர் அழைத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ரிப்கா டிரக்டரில் ஏறினாள். அவர் திரும்பி வருவதற்குள் வரம்பை உடைத்து, பாதையைக் கடந்து, எல்லா மணலையும் தெற்கே கொண்டுபோக வேண்டும். வாய்க்கால் மூடியது. மூடட்டும் என்று விட்டாள்.

பாதிப் பாதையில் வாப்பாவின் தொலைபேசி அவளுடைய பையில் அடித்தது. கும்புறுப்பிட்டியிலிருந்து, வேலிக்குத் தென்னோலைக் கிடுகு பின்னுகிற நுஸ்ரத் என்ற பெண்.

“காக்கா, அறுபது கிடுகும் முடிஞ்சு. செவ்வாய் பின்னேரம் வந்து ஏத்துறன் எண்டீங்க, காணல்ல. ஆடு ஏறி மிதிக்குது.”

“நான் மகள் பேசுறன்,” என்றாள் ரிப்கா. பிறகு நடந்ததைச் சொன்னாள்.

“இன்னா லில்லாஹி…” என்று நுஸ்ரத் மெல்ல ஓதினாள். “பாதையில இருந்து இருபது அடி தள்ளி, வடக்கால வேலி அடைக்கப் போறன் எண்டவர். மணல் அங்கனேயே நிண்டிருமாம். தனக்கு ஏலாமப் போனாலும் கடைசி வீட்டுக்கு ஓட்டோ போகோணும் எண்டு சொன்னவர்.”

வீட்டில் ஒருவருக்கும் அதைப் பற்றி அவர் சொல்லியிருக்கவில்லை. அவர் ஏற்றுவதாகச் சொன்ன அந்தச் செவ்வாய்ப் பின்னேரம் தாண்டி இரண்டு நாள். அறுபது கிடுகும் நுஸ்ரத்தின் முற்றத்திலேயே கிடந்தன.