அண்ணன் மூடி வைத்த கிணறு

ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும். எனக்கு இன்னும் அந்தக் காலை முடியவில்லை. குலதெய்வத்தையும், திதிக்கு மாரிகுப்பம் வந்திருக்கும் உற்றார் உறவினரையும் வணங்கி, எங்கள் அண்ணன் அவர்களைப் பற்றி அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன். அவரைத் திட்டாமல் அழ எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது குடியாத்தம் பக்கத்தில், ஏரி வற்றிப்போன ஓர் ஊரில். ரயில் இங்கே வராத காலத்திலேயே அப்பா எங்களை வண்டியிலும் நடையிலுமாக அழைத்து வந்தார். பூமிக்குள் தங்கம் இருக்கிறது என்றார்கள், இருந்தது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைக் குடித்து வயிறு கெட்டுத்தான் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணன் அப்போதுதான் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. வேறு எப்படிச் சொல்ல?

பக்கத்து ஊர் ரெட்டியார் தம் பள்ளத்து நிலத்தில் கொஞ்சம் இடம் விட்டார். ஷிப்டு முடிந்த கையோடு அண்ணனும் கூட்டாளிகளும் அங்கே கிணறு தோண்டினார்கள். பூமிக்குள் தோண்டிவிட்டு மேலே வந்து மறுபடியும் தோண்டும் மனுஷர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அண்ணியார் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷனைத் தேடிக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குத்தான் சோறு எடுத்துப் போவார்.

கிணறு ஊறியது. ஆனால் வருஷா வருஷம் தூர் வாரவேண்டுமே. அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டார். மாரியம்மன் கோயில்காரர்கள் சந்தா கேட்டு வந்தாலும், கூத்து ஜமாக்காரர்கள் வந்தாலும், கிறிஸ்தவ வேதக்காரர்களின் சபையிலிருந்து பாட்டுக்காரர்கள் வந்தாலும் இல்லை என்று சொல்லமாட்டார். கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் மண் எடுக்க வரச்சொல்லுவார். சபையார் ஆராதனை முடிந்து வருவார்கள். ஜமாவில் ராஜா வேஷம் கட்டுபவர் ஒரு வருஷம் இடுப்பு வலி என்று நழுவப் பார்த்தார்.

"இன்னா ராஜா, விடிய விடிய குதிக்கசொல்ல வலிக்கலியே? கூடைய கண்டா மட்டும் வலிக்குதா? வாங்க, வாங்க" என்றார் அண்ணன்.

ராஜா வந்தார். பூசாரி கூடையை எடுத்துக் கொடுக்க, சபைப் பெரியவர் வாங்கி ராஜாவின் தலையில் ஏற்றிவிட்டார். ஒரு கோயில் கூழுக்கும் ஒரு சபை விருந்துக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர் போகும் தொழிலாளர் குடியிருப்பு லைன் எங்களுடையது. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அப்பா சொன்னபோது, என்னை மிஷன் பள்ளிக்கு அனுப்பியவரும் அண்ணன்தான்.

அந்தக் கிணற்றுக்கு மூங்கில் தட்டியில் மூடி செய்ததும் அவரே. வெயில் குடிக்கிற தண்ணீரை நாம் குடிக்கலாமே என்பார். சென்ற வருஷம் மழை பொய்த்தது. கூழ் வார்க்கும் திருநாளுக்குத் தண்ணீர் சேரட்டும் என்று பல நாள் கிணற்றை மூடியே வைத்திருந்தார். திருநாளுக்கு முந்தின நாள் காலை திறந்தார். தண்ணீர் போதவில்லை. ஊற்றுக்கண்ணைச் சுத்தம் செய்ய இறங்கினார்.

அண்ணன் சுரங்கத்தில் பழைய லெவல் வழிகளுக்குள் போகும்போது மெழுகுவத்தியை முன்னால் நீட்டாமல் ஓரடி எடுத்து வைக்கமாட்டார். வத்தி அணைந்தால் அங்கே கெட்ட காற்று என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்! அன்றைக்கும் வத்தித் துண்டு அவர் கழற்றி வைத்த சட்டையில்தான் இருந்தது. குடத்தோடு நின்ற அண்ணியார் அதை எடுத்து நீட்டினார்.

"நம்ம வூட்டு கெணறு. இதுக்கு இன்னாத்துக்கு வத்தி?" என்றார் அண்ணன். இறங்கினார். பாதியிலேயே கயிற்றைப் பிடித்திருந்த கை விட்டுப் போயிற்று.

பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் வாக்கப்பட்டிருந்த எனக்குச் செய்தி வந்தபோது, ஷாஃப்ட்டிலா என்றுதான் கேட்டேன். கிணற்றில் என்றார்கள். நான் நம்பவில்லை. ஓடிவந்து பார்த்தபோது சபைப் பெரியவர் கயிற்றில் வத்தியைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். பாதி ஆழத்தில் அது அணைந்தது. பூசாரியும் ஜமாக்காரர்களும் வேப்பங்கொத்துகளைக் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலைத்தார்கள். அண்ணனை மேலே கொண்டுவந்தார்கள். உடம்பில் பெரிய காயம்கூட இல்லை. பாறை விழுந்து போயிருந்தால் பாறையைத் திட்டலாம். நான் யாரைத் திட்டுவேன்?

சாவு விழுந்த கிணறு ஆகாது, மூடிவிடுவோம் என்று லைனில் பேச்சாயிற்று. மூடுங்கள் என்று உரக்கச் சொன்னவள் நான். கருமாதி முடிந்த மறுநாள் காலை கல்லும் மண்ணும் வந்து சேர்ந்தன. தாலி இறக்கிய பெண் வெளியே வரக்கூடாத அந்த நாளில், அண்ணியார் குடமும் கயிறுமாக வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அண்ணனின் சட்டையிலிருந்த அதே வத்தித் துண்டைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். அது அடிவரைக்கும் எரிந்துகொண்டே போயிற்று. பிறகு ஒரு குடம் சேந்தி, எங்கள் எல்லார் முன்னாலும் கை நிறைய அள்ளிக் குடித்தார்.

"அவுரு மேல கோவம்னா என்கிட்ட சொல்லுங்க. கெணத்து மேல இன்னா கோவம்?" என்றார்.

முதலில் ராஜா வேஷக்காரர்தான் தன் கூடைக் கல்லை அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார். மற்றவர்களும் கொட்டினார்கள். இப்போது காலையில் தட்டியைத் திறந்தால் முதலில் வத்தி இறங்குகிறது, அப்புறம்தான் வாளி. அடியில் இறங்குகிறவர் யாரானாலும் வத்தி அணையாமல் இருந்தால்தான் இறங்கலாம். அண்ணியார் வைத்த சட்டம் இது.

அண்ணனை மேலே கொண்டுவந்த கைகளுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விறகும் அரிசியும் கொண்டுவந்த கோயிலார், சபையார், ஜமாக்காரர்களுக்கும், நிலத்தைத் திரும்பக் கேட்காத ரெட்டியார் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அண்ணன் பெயரால் ஏதாவது செய்ய நினைப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வாருங்கள். தூர் வாருகிறார்கள்.

இந்த ஒரு வருஷமும் இங்கே வரும்போதெல்லாம் பாலகாட்டிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தேன். இன்றைக்குத் திதிச் சோறு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் வெந்திருக்கிறது. இன்று நான் செம்பு கொண்டுவரவில்லை.